பால் சீட்டில் விலை குறைந்தால் முதலில் தொழுவத்தைப் பாருங்கள்

"ஒரு சொட்டு தண்ணி சேர்க்கல, பிறகு எப்படி டிகிரி குறையும்?" குமரி மாவட்டத்தில் பேச்சிப்பாறை, கடையாலுமூடு, ஆறுகாணி பக்கம் இரண்டு மாடு வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றும் வீடுகளில் இதைக் கேட்காத ஆள் இல்லை. நானும் கேட்டிருக்கிறேன். டிகிரி என்றால் பாலின் அடர்த்தியைப் பார்க்கும் பால்மானி காட்டும் அளவு.

சீட்டில் கொழுப்பு, எஸ்.என்.எஃப் (கொழுப்பு நீங்கலாகப் பாலில் உள்ள திடச்சத்து) என்று இரண்டு எண்கள் இருக்கும். பசும்பாலுக்கு உணவுப் பாதுகாப்பு விதி கேட்கும் குறைந்த அளவு 3.2, 8.3 சதவீதம். நாம் ரூபாயை மட்டும் பார்த்துவிட்டு சீட்டைக் கசக்கிப் போடுகிறோம். இரண்டில் எது இறங்கியது என்று பார்ப்பதில்லை. கொழுப்பு இறங்கினால் பெரும்பாலும் புல், வைக்கோல் போன்ற நார்த்தீனி போதவில்லை. எஸ்.என்.எஃப் இறங்கினால் மாடு அரைவயிறாக நிற்கிறது, இல்லையென்றால் மடியில் நோய் தொடங்கியிருக்கிறது.

நம் ஊரில் கொழுப்பைக் கெடுப்பது சக்கைக் காலம், அதாவது பலாப்பழக் காலம். ரப்பர் நிழலில் புல் குறைவு, வைக்கோல் விலை அதிகம், முற்றத்திலோ பலாப்பழம் விழுந்து கிடக்கிறது. கூடை கூடையாகப் போட்டுவிடுகிறோம். பழத்தின் இனிப்பும், கல்யாண வீட்டில் மிஞ்சிய சோறும் மாட்டின் வயிற்றில் வேகமாகப் புளித்து அமிலமாகிவிடும். ஒரு வருஷம் எங்கள் செவலைப் பசுவுக்கு ஒரு பெரிய பாத்திரம் நிறையச் சோறு வைத்தோம். விடியற்காலையில் அசைபோடாமல் படுத்திருந்தாள். இடது வயிற்றை அழுத்தினால் தண்ணீர்ப் பை மாதிரி குலுங்கியது. சாணம் கூழாக, புளித்த வாடையோடு. டாக்டர் வந்து பிழைக்க வைத்தார், ஆனால் அந்த ஈற்று முழுக்கப் பழைய பால் திரும்பவில்லை. அதிலிருந்து முதலில் வைக்கோல், பிறகுதான் சக்கை மடல், அதுவும் கொஞ்சம். மிஞ்சிய சோறு தொழுவத்துக்கு வருவதே இல்லை.

மரச்சீனி (மரவள்ளி) இலையையும் கிழங்குத் தோலையும் பச்சையாகப் போடாதீர்கள், சயனைடு விஷம் உண்டு. நறுக்கி வெயிலில் நன்றாகக் காய்ந்தால் குறையும். காற்றில் முறிந்த ரப்பர் கிளையிலும் அதே விஷம்தான். ஆனி, ஆடிக் காற்றில் மாட்டைத் தோட்டத்தில் கட்டுமுன் கீழே தளிர் கிடக்கிறதா பாருங்கள். ரப்பர் கன்று நட்ட முதல் சில வருஷங்களில் இடைவெளியில் வெயில் விழும். அந்த இடத்தைச் சும்மா விடாமல் கம்பு நேப்பியர் தீவனப் புல் நட்டால் தீனிச் செலவுக் கவலை பாதி தீரும். நிழல் விழுந்த பிறகு கினியாப் புல் ஓரளவு தாங்கும்.

கறவையிலும் கொழுப்பு போகிறது. முதல் பீச்சில் கொழுப்பு மிகக் குறைவு, கடைசிப் பாலில்தான் அதிகம். ரப்பர் வெட்டுக்குப் போகும் அவசரத்தில் பாதியில் எழுந்து கன்றை அவிழ்த்துவிட்டால், கேனில் இருப்பது நீர்த்த பால். கன்றுக்கு முதலில் கொடுங்கள், கடைசிப் பாலை நீங்கள் கறங்கள். கறந்த உடனே தீனி வையுங்கள். காம்பின் துளை மூட அரைமணி நேரமாகும், அதுவரை மாடு சாணத்தில் படுக்கக் கூடாது. தினமும் முதல் இரண்டு பீச்சைக் கறுப்புத் துணியில் விட்டால், பாலில் திரிதிரியாகக் கட்டி இருந்தால் வெள்ளையாகத் தெரியும். மடிநோயின் முதல் அடையாளம் அது.

சாயங்காலப் பாலைக் காலைப் பாலோடு கலக்காதீர்கள். வாய் குறுகிய பிளாஸ்டிக் கேனும் வேண்டாம், கை நுழையாத மூலையில் பழைய பால் ஒட்டியிருந்தால் புதுப்பாலும் திரியும்.

ஊசி போட்ட மாட்டின் பாலை டாக்டர் சொன்ன நாள் முடியும்வரை ஊற்றவே கூடாது, மொத்த டேங்கிலும் மருந்து கலந்துவிடும். எங்கள் வீட்டில் அந்த மாட்டின் கொம்பில் சிவப்புத் துணி கட்டிவிடுவோம். அம்மா கறந்தாலும் நான் கறந்தாலும், துணியைப் பார்த்ததும் பால் தனிப் பாத்திரத்துக்குப் போகும்.