பழைய மாருதி 800: புதிய பேட்டரி வாங்கும் முன் அளந்து பார்க்க வேண்டியவை

சாவியைத் திருப்பியும் எஞ்சின் சுழலவில்லை என்றால், பேட்டரி போய்விட்டது என்று முடிவுகட்டிப் புதியது வாங்கிவிடுவதே பெரும்பாலோர் வழக்கமாக இருக்கிறது. கோளாறு எர்த் ஒயரிலோ, எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரிலோ இருந்தால், அந்தப் புதிய பேட்டரியும் சில வாரங்களில் அதே நிலைக்கு வந்துவிடும். கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி 800-இன் மின்சுற்று மிக எளிமையானது. சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையாக அளந்து வந்தால், கோளாறு இருக்கும் இடத்தை வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

முதல் சோதனைக்கு மீட்டர்கூட வேண்டாம். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் அறவே மங்கினால் பேட்டரியிலோ அதன் இணைப்புகளிலோ குறை இருக்கிறது. வெளிச்சம் குறையாமலிருந்து, எஞ்சினைச் சுழற்றித் தொடங்கிவைக்கும் செல்ஃப் மோட்டார் மட்டும் அசையாவிட்டால், இக்னிஷன் சுவிட்ச், அந்த மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சோலனாய்டு, அவற்றுக்கு இடையிலுள்ள மெல்லிய ஒயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

அடுத்து பேட்டரியின் டெர்மினல்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், சமையல் சோடா கலந்த வெந்நீரால் கழுவி, உப்புத்தாளால் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து இறுக்குங்கள். சோடா நீர் செல்லுக்குள் இறங்கக் கூடாது என்பதால், மூடிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். கழற்றும்போது எதிர்முனையை முதலிலும் மாட்டும்போது அதைக் கடைசியிலும் கையாள வேண்டும்; இல்லையென்றால் ஸ்பானர் பாடியில் பட்டுத் தீப்பொறி பறக்கும். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவதால், அந்தத் தீப்பொறி வெடிப்பில்கூட முடியக்கூடும்.

வண்டி இரவு முழுவதும் நின்ற பிறகு, காலையில் எதையும் இயக்குவதற்கு முன்பு பேட்டரியின் முனைகளில் மின்னழுத்தத்தை அளவிடுங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. 12-க்குக் கீழே போயிருந்தால் பேட்டரி ஏறக்குறையக் காலி, ஆகவே சார்ஜ் ஏற்றாமல் மற்றச் சோதனைகளைத் தொடர்வதில் பயனில்லை. முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி, செல்ஃப் சுழலும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அது பலவீனமாகிவிட்டது. நீர் ஊற்றும் வகைப் பேட்டரியாக இருந்தால், உள்ளிருக்கும் அமிலத்தின் ஒப்படர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரால் ஆறு செல்களையும் தனித்தனியே பாருங்கள். ஐந்து செல்கள் ஒத்திருக்க, ஒன்று மட்டும் 0.050-க்கு மேல் குறைந்திருந்தால் அந்தச் செல் போய்விட்டது என்று பொருள். புதிய பேட்டரி வாங்க அதுவே போதுமான காரணம்.

பேட்டரி நல்ல நிலையில் இருந்தும் செல்ஃப் மெதுவாகச் சுழன்றால், நான் முதலில் சந்தேகப்படுவது எர்த் ஒயரைத்தான். பேட்டரியின் எதிர்முனையிலிருந்து பாடிக்கும் எஞ்சின் பகுதிக்கும் போகும் இந்த ஒயரின் முனைகள், பல ஆண்டுகள் மழைநீரும் எண்ணெய்ப் பிசுக்கும் பட்டு உள்ளுக்குள் அரித்துப்போயிருக்கும். வெளியே பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. இதற்கு ஒரு நம்பகமான சோதனை உண்டு. எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிடாதபடி இக்னிஷன் காயிலுக்கு வரும் மெல்லிய ஒயரைக் கழற்றி, அதன் முனையை டேப்பால் சுற்றிவையுங்கள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனைக் கம்பத்திலும் மறுமுனையை எஞ்சினின் சுத்தமான உலோகப் பரப்பிலும் வைத்துக்கொண்டு, மற்றொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், செல்ஃப் மோட்டாருக்குச் சேர வேண்டிய மின்னழுத்தம் எர்த் பாதையில் வீணாகிறது. இதே முறையில் நேர்முனைக் கம்பத்துக்கும் செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டுக்கும் இடையே அளந்தால் 0.5 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. மீட்டர் இல்லாதவர்கள், ஜம்பர் கேபிள் ஒன்றை எதிர்முனைக்கும் எஞ்சினுக்கும் இடையே மாட்டிப் பார்க்கலாம். செல்ஃப் உடனே வேகமெடுத்தால் குறை எர்த்தில்தான்.

இனி ஆல்டர்னேட்டர். எஞ்சின் ஓடும்போது ஆக்ஸிலரேட்டரைச் சற்று அழுத்தி அளந்தால், பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். 13-ஐ எட்டாவிட்டால் முதலில் பெல்ட்டின் தொய்வையும், பிறகு ஆல்டர்னேட்டரின் பின்புற ஒயர்களையும் பாருங்கள். சாவியைப் போட்டதும் டேஷ்போர்டில் எரிய வேண்டிய சார்ஜ் விளக்கும் முக்கியமானது, ஏனெனில் பல ஆல்டர்னேட்டர்கள் மின்னுற்பத்தியைத் தொடங்க அந்தச் சிறு பல்பு வழியாக வரும் மின்னோட்டத்தையே நம்பியிருக்கின்றன. 15 வோல்ட்டுக்கு மேல் போனால், ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பழுது. பேட்டரி நீர் அடிக்கடி வற்றுவதும் அதன் அறிகுறியே. எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி, வண்டி நிற்கிறதா என்று பார்க்கும் வழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். ஆல்டர்னேட்டருக்கு முந்தைய டைனமோ காலத்திலிருந்து தொடரும் அந்தச் சோதனை, மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் ஆல்டர்னேட்டரின் டயோடுகளை, திடீரென எகிறும் மின்னழுத்தத்தால் கெடுத்துவிடும்.

எல்லா அளவுகளும் சரியாக இருந்தும், நிறுத்திவைத்த சில நாட்களில் பேட்டரி இறங்கினால், ஏதோ ஒன்று மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. சாவியை எடுத்துக் கதவுகளை மூடியபின் எதிர்முனை ஒயரைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, கம்பத்துக்கும் ஒயருக்கும் நடுவில் இணையுங்கள். இந்த நிலையில் செல்ஃப் அடித்தால் மீட்டர் பழுதாகிவிடும். கடிகாரமும் ரேடியோவும் மட்டுமே உள்ள வண்டியில் 30 மில்லி ஆம்பியருக்கு மேல் வரக் காரணமில்லை. 200 மில்லி ஆம்பியர் காட்டினால், 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி நான்கே நாட்களில் பாதிக்கு மேல் இழந்துவிடும். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். எதை எடுத்ததும் அளவு சட்டென்று குறைகிறதோ, குறை அந்தச் சுற்றில் இருக்கிறது. எதை எடுத்தும் குறையவில்லை என்றால், ஃபியூஸைத் தொடாமல் நேரடியாகப் பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்துப் பொருத்திய ஆடியோ, அலாரம், கூடுதல் ஹார்ன் ஆகியவற்றைத் தேடுங்கள். அவையும் இல்லையென்றால், ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயரைக் கழற்றி அதன் முனை எதிலும் படாதவாறு சுற்றிவைத்து, மீட்டரை மறுபடியும் பாருங்கள். இப்போது அளவு குறைந்தால் ஆல்டர்னேட்டரின் டயோடு கசிகிறது, அதைக் கழற்றி ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து டயோடு தட்டை மட்டும் மாற்றச் சொல்லலாம்.