ஸ்கேனர் காட்டியதும் பாகத்தை மாற்றாதீர்கள்

எஞ்சின் விளக்கு எரிகிறது. பட்டறையில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, "ஆக்சிஜன் சென்சார் காட்டுகிறது" என்கிறார்கள். புது சென்சார் போட்டு, பிழைக் குறியீட்டை அழித்து அனுப்புகிறார்கள். கடலூரிலிருந்து கிளம்பிய கார் அரியாங்குப்பம் தாண்டுவதற்குள் விளக்கு மறுபடியும் எரிகிறது. அடுத்தது பிளக்குக்கு மின்பொறி தரும் காயில், அதற்கடுத்தது பெட்ரோல் பம்ப். கடைசியில் பார்த்தால் காற்றுக் குழாயில் ஒரு மெல்லிய விரிசல். இந்த அனுபவத்தைச் சொல்லும் கார்க்காரர்கள் கடலூரிலும் புதுச்சேரியிலும் ஏராளம். கழற்றிப் போட்டவற்றில் பலவும் நன்றாக வேலை செய்துகொண்டிருந்த பாகங்கள் என்பதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பி0171 என்ற குறியீட்டையே எடுத்துக்கொள்வோம். எஞ்சினுக்குப் போகும் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பது அதன் பொருள். அந்தக் குறையைக் கண்டுபிடித்துச் சொன்னது, சைலன்சர் குழாயில் இருந்து புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார். நடந்ததைச் சரியாகச் சொன்ன சென்சாரையே முதல் வேலையாகக் கழற்றி எறிகிறோம். காரணம் காற்றுக் கசிவாக இருக்கலாம், பெட்ரோல் ஃபில்டர் அடைப்பாக இருக்கலாம், பம்ப் பலவீனமாக இருக்கலாம், சைலன்சர் குழாயில் சென்சாருக்கு முன்னால் ஓட்டை விழுந்திருக்கலாம். இவற்றைப் பிரித்தறிய அதே ஸ்கேனரில் 'ஃப்யூயல் டிரிம்' என்ற அளவு இருக்கிறது. காரின் கணினி தன் அடிப்படைக் கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதை அது காட்டும். 10 சதவீதத்துக்குள் ஏறி இறங்கினால் பொதுவாகக் கவலையில்லை. ஐட்லிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது, 20, 25 என்று நின்று, 2500 ஆர்பிஎம் வரை ரேஸ் கொடுத்ததும் அது இறங்கினால் காற்றுக் கசிவைத் தேட வேண்டும். பாரம் ஏற ஏற அந்த எண்ணும் ஏறினால், பெட்ரோல் வரத்தையும் காற்றை அளக்கும் சென்சாரின் அழுக்கையும் பார்க்க வேண்டும். காற்றை நேரடியாக அளக்காமல், உள்ளிழுக்கும் குழாயின் அழுத்தத்தை மட்டும் அளக்கும் கார்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அவற்றில் கசிவு பெரும்பாலும் ஐட்லிங் வேகம் தானாக ஏறி நிற்பதில் வெளிப்படும்.

இந்தச் சோதனைகளுக்கு முன்பே நடந்துவிடும் ஒரு தவறு உண்டு. விளக்கு எரிந்ததும் பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டுவது, அல்லது குறியீட்டை உடனே அழித்துப் பார்ப்பது. குறியீடு பதிவான நொடியில் எஞ்சின் என்ன வேகத்தில் ஓடியது, கூலன்ட் எவ்வளவு சூடாக இருந்தது, கார் நின்றதா ஓடியதா என்ற விவரங்களைக் கணினி சேர்த்து வைத்திருக்கும். அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். விட்டுவிட்டு வரும் கோளாறுக்குப் பல சமயம் நமக்குக் கிடைக்கும் ஒரே தடயம் அதுதான். முதலில் எல்லாவற்றையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அழிப்பது எப்போது வேண்டுமானாலும் முடியும்.

கடற்கரை ஊர்க் கார்களில் எர்த் ஒயர்

முதுநகர், தேவனாம்பட்டினம், கிழக்குக் கடற்கரைச் சாலையோரக் குடியிருப்புகள் என்று உப்புக்காற்று படும் இடங்களில் நிற்கும் கார் என்றால், எந்தக் கோளாறாக இருந்தாலும் நான் முதலில் பார்க்கச் சொல்வது மின் இணைப்புகளைத்தான். பேட்டரி முனையில் வெள்ளைப் பொடி பூப்பது எல்லோர் கண்ணிலும் படும். எஞ்சினையும் கார் உடலையும் இணைக்கும் எர்த் ஒயர் கீழே இருப்பதால் யாரும் பார்ப்பதில்லை. மேலே உறை பளபளப்பாக இருக்கும், உள்ளே செம்புக் கம்பி பச்சை பிடித்துப் பாதி இற்றிருக்கும். சென்சார்களின் மின்னழுத்தம் மிகச் சிறியது. எர்த் கெட்டுப்போனால் நல்ல சென்சாரும் தவறான அளவைக் காட்டும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கைந்து குறியீடுகள் ஒரே நேரத்தில் வந்தால், அந்தப் பாகங்கள் எல்லாம் ஒன்றாகக் கெட்டுவிட்டன என்று நம்பாதீர்கள். மின்சாரத்தைச் சந்தேகியுங்கள்.

இதற்கு ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். இரவெல்லாம் ஓடாமல் நின்ற காரின் பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ். 12 வோல்ட்டுக்கு வந்துவிட்டால் ஏறக்குறைய காலி. ஸ்டார்ட் செய்யும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியையும் ஸ்டார்ட்டரையும் சோதிக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை காட்டும். புதிய கார்கள் சிலவற்றில் கணினியே ஆல்டர்னேட்டரைக் கூட்டிக் குறைப்பதால் இந்த அளவு மாறலாம். எர்த்தைப் பார்க்க, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறு முனையை எஞ்சினின் வெற்று உலோகத்திலும் வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். அரை வோல்ட் காட்டினால் அந்த ஒயரில் குறை இருக்கிறது.

துறைமுகப் பக்கம் மீன் ஏற்றிப் போகும் ஒருவரின் வண்டி ஓடும்போதே அணைந்துவிடும், சிறிது நேரம் கழித்துத் தானாகவே கிளம்பும். எஞ்சின் சுழல்வதைக் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரும் பம்பும் மாற்றியாகிவிட்டது, பலனில்லை. எஞ்சின் ஓடும்போது ஒயர்க் கட்டுகளை ஒவ்வொன்றாகக் கையால் அசைத்துப் பார்த்ததில், கிராங்க் சென்சார் சொருகியை அசைத்ததும் எஞ்சின் நின்றது. சொருகியின் உள்ளே ஒரு முனை அரித்துப் போயிருந்தது. அதைச் சரிசெய்துவிட்டு, பழைய சென்சாரை எடுத்து வந்து மாட்டியபோது அதுவும் குறையில்லாமல் ஓடியது.

மிஸ்ஸிங்

பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங், அதாவது அங்கே பெட்ரோல் சரியாக எரியவில்லை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் இருக்கும் காரில், காசு செலவில்லாத சோதனை ஒன்று உண்டு: முதல் சிலிண்டர் காயிலை இரண்டாவதில் மாட்டி, இரண்டாவதை முதலில் மாட்டுங்கள். குறியீடு பி0302 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாமல் அங்கேயே நின்றால் பிளக்கை இடம் மாற்றிப் பாருங்கள், பிறகு இன்ஜெக்டர், அதற்கும் பிறகு கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்பது. நான்கு காயிலையும் ஒரேயடியாக மாற்றினால் கோளாறு சில சமயம் போய்விடும். எது கெட்டிருந்தது என்பது மட்டும் கடைசிவரை தெரியாது.

பி0420 என்றால், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று கணினி கருதுகிறது; அது வந்ததும் கன்வெர்ட்டரையே மாற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். விலை உயர்ந்த பாகம் அது. மிஸ்ஸிங்கும் ஆயில் எரிவதும் இருக்கும்போது புதிதாகப் போட்டால் அதுவும் சீக்கிரம் பாழாகும்.

சூடு ஏறினால்

எங்கே ஏறுகிறது என்று கவனியுங்கள். இந்திரா காந்தி சிலைச் சந்திப்பின் நெரிசலில் ஏறி, திண்டிவனம் சாலையில் வேகமாகப் போனதும் இறங்கினால் ஃபேன், அதன் ரிலே, பியூஸ். நெரிசலில் அடங்கி, வேகத்தில் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு அல்லது தெர்மோஸ்டாட். கடலோரத்து உப்பு கலந்த போர் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றியிருந்தால் அடைப்பின் காரணம் தேட வேண்டியதில்லை. ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது என்று எஞ்சினைப் பிரிக்கும் முன், கூலன்ட் தொட்டியில் சிலிண்டரில் எரிந்த புகை கலந்திருக்கிறதா என்று பார்க்கும் நீல நிறத் திரவச் சோதனையைக் கேளுங்கள். கலந்திருந்தால் திரவம் மஞ்சளாகும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

வெள்ளத்தில் நின்ற கார்

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது தெருக்களெல்லாம் தண்ணீரில் நின்றன. அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூருக்குள் வந்தது. வடிந்ததும் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு, "கிளம்புகிறதா பார்ப்போம்" என்று சாவியைத் திருப்புவது. தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் அது இருக்கும்போது ஸ்டார்ட்டர் சுற்றினால், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையலாம். முதலில் ஏர் ஃபில்டர் நனைந்திருக்கிறதா, அளவுக் கம்பியில் ஆயில் பால் போல வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். பிளக்குகளைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்த்த பிறகுதான் சாவி.

வெள்ளத்துக்குப் பிறகு வரும் மிஸ்ஸிங்குக்குப் பெட்ரோலையும் சோதியுங்கள். இப்போது விற்கும் பெட்ரோலில் உள்ள எத்தனால் தண்ணீரை ஈர்க்கும். அளவு மீறினால் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும், பம்ப் உறிஞ்சுவதும் அங்கிருந்துதான். கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்து வைத்தால் இரண்டு அடுக்காகத் தெரிந்துவிடும். "பாண்டிப் பெட்ரோல் போட்டதால்தான்" என்று கடலூரில் சொல்வதை நம்ப வேண்டாம். புதுச்சேரி எல்லைக்குள் இருக்கும் கன்னியக்கோயிலில் விலை குறைவதற்குக் காரணம் வரி.

டீசல் கார்களில் பிக்கப் குறைந்து கறும்புகை வந்தால், டர்போவை விலை விசாரிக்கும் முன் அதிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாய் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜெக்டர்களை மாற்றும் முன், ஒவ்வொன்றிலிருந்தும் எவ்வளவு டீசல் திரும்பி வருகிறது என்று அளக்கச் சொல்லுங்கள்.

பட்டறைக்குப் போகும்போது பாகத்தின் பெயரைச் சொல்லாதீர்கள். "பம்பை மாற்றிவிடுங்கள் அண்ணா" என்றால் பம்பைத்தான் மாற்றுவார். குளிர்ந்த எஞ்சினிலா சூடான எஞ்சினிலா, ஏசி போட்டாலா, மழைக்குப் பிறகா, பெட்ரோல் போட்ட உடனேயா என்பதைச் சொல்லுங்கள். எந்தச் சோதனையில் இந்தப் பாகம் கெட்டதாகத் தெரிந்தது என்று மரியாதையாகக் கேளுங்கள், கழற்றியதைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். அரை நாள் தேடிக் கண்டுபிடித்து, ஒரு ஒயரை மட்டும் மாற்றிக் கொடுத்த மெக்கானிக்கிடம் "இதற்கா இவ்வளவு கூலி?" என்று பேரம் பேசாதீர்கள். அந்தக் கூலியைக் கொடுக்க நாம் மறுப்பதால்தான், தேடுவதைவிடப் பாகத்தை மாற்றி விற்பது அவருக்கு லாபமாகிறது.