பழைய டிராக்டரில் ஆயில் பிரஷர் இறங்கினால்

ஆயில் பிரஷர் முள் கீழே போனதும் ஆயில் பம்ப்பை மாற்றக் கிளம்ப வேண்டாம். என்ஜினை நிறுத்தி, 10 நிமிடம் கழித்து ஆயில் அளவு காட்டும் குச்சியான டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் குறைந்திருந்தால் விஷயம் எளிது. கூடியிருந்தால்தான் வில்லங்கம். இரண்டு சொட்டை விரலில் தேய்த்து முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை அடித்து, தண்ணீர் மாதிரி ஓடினால், டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப்பின் டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு) கிழிந்திருக்கலாம். டீசல் இன்ஜெக்ஷன் பம்ப்பின் சீலோ, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரோ கசியலாம். அதைச் சரிசெய்யாமல் புது ஆயில் ஊற்றுவது வீண்.

ஆயில் நன்றாக இருந்தால், அடுத்த சந்தேகம் மீட்டர்மேல். பழைய வண்டியில் அது பொய் சொல்வது சகஜம். சென்சாரைக் கழற்றி, அதே துளையில் மெக்கானிக்கல் கேஜ் மாட்டுங்கள். என்ஜின் நன்றாகச் சூடானபின், பல என்ஜின்களில் ஐடிலில் (ஆக்சிலரேட்டர் கொடுக்காமல் மெதுவாக ஓடும்போது) 15 பிஎஸ்ஐ (அழுத்த அலகு), முழு வேகத்தில் 40 முதல் 60 வரை இருந்தால் பயமில்லை. சரியான அளவு உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும்.

என்ஜின் குளிர்ந்திருக்கும்போது சரியாக இருந்து, சூடானதும் ஐடிலில் விழுகிறதா? பெரும்பாலும் கிராங்க்ஷாஃப்ட்டில் உள்ள மெயின், பிக் எண்ட் பேரிங்குகளின் தேய்மானம். குளிர்ந்த என்ஜினிலும் குறைவா? அதிகப்படி பிரஷரை வெளியேற்றும் ரிலீஃப் வால்வில் தூசி மாட்டித் திறந்தே நிற்கலாம், அதன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், என்ஜினின் அடியில் ஆயில் தங்கும் சம்ப்பில் உள்ள ஸ்ட்ரெய்னர் (வலை வடிகட்டி) கசடால் அடைத்திருக்கலாம். ஸ்பிரிங்குக்குப் பின்னால் வாஷர் போட்டு முள்ளை ஏற்றும் வேலை மட்டும் வேண்டாம். தேய்ந்த பேரிங் அப்படியேதான் இருக்கும்.

முள் பூஜ்யத்தில் நின்றாலோ, அடியில் டக் டக் சத்தம் கேட்டாலோ, உழவு பாதியில் நின்றாலும் சரி, உடனே நிறுத்துங்கள்.