ரெஸ்யூமேயை நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள்

2023-ல் ஐடி கம்பெனிகள் ஃப்ரெஷர்களை எடுப்பதைக் குறைத்திருந்த நேரம். மதுரையிலிருந்து பெங்களூரு போய், மாரத்தஹள்ளியில் பிஜி (பேயிங் கெஸ்ட் விடுதி) எடுத்துத் தங்கி வேலைக்கு விண்ணப்பித்தேன். அழைப்பே இல்லை. வொயிட்ஃபீல்டு பகுதியில் நடந்த வாக்-இன் (நேரில் போய்க் கலந்துகொள்ளும்) நேர்காணல்களில் ரெஸ்யூமேயை வாசலிலேயே வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். புது ஜாவா சான்றிதழும் உதவவில்லை.

பிறகு பிடிஎஃப்பில் உள்ளதை காப்பி செய்து நோட்பேடில் ஒட்டினேன். பக்கத்தை இரண்டாகப் பிரித்த டெம்ப்ளேட் அது. இடப்பக்கத் திறன்களும் வலப்பக்க புராஜெக்ட்டும் வரிக்கு வரி கலந்து கிடந்தன. செல்பேசி எண்ணைக் காணோம். டெம்ப்ளேட் அதைப் படமாக்கியிருந்தது. ரெஸ்யூமேயை வடிகட்டும் மென்பொருளுக்கும் இந்தக் குழப்பம்தான் போய்ச் சேரும்.

வேர்டில் கட்டம், ஐகான் எதுவும் இல்லாமல் மேலிருந்து கீழாக அடித்தேன். 'தற்போதைய ஊர்' என்ற இடத்தில் பெங்களூரு என்று மாற்றினேன். அந்த வாரமே அழைப்பு வந்தது. இப்போது டெஸ்டிங் வேலையில் இருக்கிறேன், பெரிய நிம்மதி.