பண்ருட்டி மழையை நீங்களே கணக்கெடுப்பது எப்படி?

"இந்த வருஷம் மழை கம்மி" என்று டீக்கடையில் சொல்வது சுலபம், எதைவிடக் கம்மி என்று கேட்டால்தான் பதில் வராது. வாயும் அடியும் ஒரே அகலமாக, அடி தட்டையாக இருக்கும் டப்பா ஒன்றை மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் வைத்து, காற்றில் சாயாமல் இரண்டு செங்கல் முட்டுக் கொடுங்கள். தினமும் காலை 8.30க்கு ஸ்கேலை விட்டு மில்லிமீட்டரில் அளந்து நோட்டில் எழுதிவிட்டுத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். வானிலைத் துறையின் மழைக் கணக்கும் 8.30க்குத்தான் முடிகிறது. 2.5 மி.மீ. தொட்டால்தான் மழைநாள். தூறலை மொத்தத்தில் சேருங்கள், நாளாக எண்ணாதீர்கள்.

அப்புறம் மாதவாரியாகக் கூட்டுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் நமக்குப் பெருமழை, ஆனால் ஆகஸ்ட் சாயங்கால இடிமழையை விட்டுவிடாதீர்கள். கடலூர் கடற்கரை மழை அளவை அப்படியே நம் ஊருக்குப் போடுவதும் தப்பு.

ஒரு புயல் வந்தாலே வருஷக் கணக்கு புரண்டுவிடும். 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' என்ற புயலில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்த வருஷமே அளவுகோல் ஆகிவிட்டது. அது சரிப்படாது; 1991–2020 போல 30 வருஷ சராசரியோடு உங்கள் நோட்டை ஒப்பிடுங்கள்.