கேமில் சத்தம் குறைவா? ரீஇன்ஸ்டால் செய்யும் முன் இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

சத்தம் சரியாக வரவில்லை என்றதும் கேமையே அழித்துவிட்டு மறுபடி டவுன்லோடு போடுகிறவர்கள் நிறைய. 80, 100 ஜிபி இறங்கி முடிந்த பிறகும் பெரும்பாலும் அதே மெல்லிய சத்தம்தான் வரும். ஒவ்வொரு செயலிக்கும் கடைசியாக வைத்த ஒலியளவை விண்டோஸ் தனியாகக் குறித்து வைத்துக்கொள்கிறது. கேமை அழித்தாலும் அந்தக் குறிப்பு அழியாது. அதே ஃபோல்டரில் திரும்ப நிறுவினால் பழைய அளவே வந்து உட்காரும். போதாததற்குப் பல கேம்கள் தங்கள் செட்டிங்ஸையும் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரிலோ கிளவுடிலோ விட்டுவிட்டுத்தான் போகும்.

முதலில் செய்ய வேண்டியது அரை நிமிட வேலை. கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிரவுசரில் ஒரு பாட்டைப் போடுங்கள். பாட்டும் மெதுவாகக் கேட்டால் கோளாறு ஹெட்செட், டிரைவர் (ஒலிக் கருவியை விண்டோஸோடு இணைக்கும் மென்பொருள்), சிஸ்டம் வால்யூம் பக்கம். பாட்டு கணீரென்று வந்து கேம் மட்டும் முனகினால் கேமின் மெனுவையும், ஒவ்வொரு செயலியின் ஒலியளவையும் தனித்தனியாகக் காட்டும் வால்யூம் மிக்ஸரையும் பாருங்கள். இந்தப் பிரிவினை தெரியாமல் எதைத் தொட்டாலும் குருட்டு வேலைதான்.

விண்டோஸ் 11இல் டாஸ்க்பாரின் ஸ்பீக்கர் படத்தில் ரைட் கிளிக் செய்து 'ஓபன் வால்யூம் மிக்ஸர்' என்பதை அழுத்தினால் மிக்ஸர் திறக்கும். கேமை மூடிவிட்டு அங்கே போய்த் தேடுவது வழக்கமான தவறு. சத்தம் எழுப்பிக்கொண்டிருக்கும் செயலிகள்தான் அந்தப் பட்டியலில் வரும். கேமை ஓடவிட்டு, ஆல்ட் டேப் அழுத்தி வெளியே வந்து பாருங்கள். அதன் ஸ்லைடர் 20இலோ 30இலோ கிடந்தால் 100க்குத் தள்ளுங்கள். கீழே உள்ள ரீசெட் பட்டன் எல்லாச் செயலிகளையும் விண்டோஸின் இயல்பான நிலைக்குக் கொண்டுவந்துவிடும். நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த அளவுகளும் சேர்ந்து போகும் என்பதால் அதை அவசரப்பட்டு அழுத்த வேண்டாம்.

நண்பர்களோடு பேச ஆரம்பித்ததும் கேம் சத்தம் சட்டென்று அமுங்குகிறதா? கேமின் மாஸ்டர் வால்யூமைக் கூட்டாதீர்கள். பேச்சு முடிந்ததும் காதைப் பிளக்கும். ஏதோ அழைப்பு நடக்கிறது என்று விண்டோஸ் நினைத்தால் மற்றச் சத்தங்களை 80% குறைக்கும். அதுதான் அதன் இயல்பான அமைப்பு. செட்டிங்ஸில் சிஸ்டம், சவுண்ட் போய், அடியில் உள்ள மோர் சவுண்ட் செட்டிங்ஸைத் திறந்து, கம்யூனிகேஷன்ஸ் டேபில் 'டூ நத்திங்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கேம் ஆடுகிறவர்கள் பேசப் பயன்படுத்தும் டிஸ்கார்ட் செயலியிலும் அட்டென்யுவேஷன் என்று இதே வேலையைச் செய்யும் ஸ்லைடர் ஒன்று உண்டு. அதையும் 0க்கு இறக்கினால்தான் பிரச்சினை முழுதாகத் தீரும்.

ப்ளூடூத் ஹெட்செட்காரர்களுக்கு இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருக்கிறது. பாட்டு அருமையாகக் கேட்கும். கேமில் வாய்ஸ் சாட் இணைந்த நொடியில் பழைய லேண்ட்லைன் போன் மாதிரி ஆகிவிடும். ஹெட்செட் பழுதாகிவிட்டது என்று மாற்றப் போகாதீர்கள். சாதாரண ப்ளூடூத்தில் நல்ல ஸ்டீரியோ ஒலியும் மைக்கும் ஒரே நேரத்தில் ஓடாது. மைக் திறந்ததும் இணைப்பு ஹேண்ட்ஸ்ஃப்ரீ முறைக்கு மாறும். அதில் ஒலி மோனோ, அதாவது இடது வலது பிரியாத ஒற்றை ஒலி. நொடிக்கு 8,000 அல்லது 16,000 ஒலி மாதிரிகள் (சாம்பிள்கள்) மட்டும்; இது கூடக்கூட ஒலி தெளிவாகும். ஸ்டீரியோவில் இது 44,100 அல்லது 48,000. இடமா வலமா என்றே தெரியாத ஒலியில் காலடிச் சத்தத்தை எங்கே பிடிப்பது? லேப்டாப்பின் சொந்த மைக்கையோ தனி யுஎஸ்பி மைக்கையோ வாய்ஸ் சாட்டின் இன்புட்டாகத் தேர்ந்தெடுங்கள். ஹெட்செட் மைக்கை எந்தச் செயலியும் தொடாதவரை ஸ்டீரியோ நிலைக்கும்.

வெடிச் சத்தம் அதிர்கிறது, கதாபாத்திரங்கள் பேசுவது மட்டும் கேட்கவில்லை என்றால் சரவுண்ட் அமைப்பைச் சந்தேகப்படுங்கள். ஆறு, எட்டு ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்து அனுப்பும் 5.1, 7.1 அமைப்புகளில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குப் போகும். கையில் இருப்பது இரண்டு ஸ்பீக்கர். அவை பச்சை ஜாக்கில் இருக்க, வசனமோ யாரும் ஒயர் செருகாத ஆரஞ்சு ஜாக்குக்குப் போய்க்கொண்டிருக்கும். எண் பெரிதாக இருந்தால் தரமும் பெரிது என்று நினைத்து 7.1ஐத் தேர்ந்தெடுப்பதே இந்தத் தவறின் வேர். மோர் சவுண்ட் செட்டிங்ஸில் உங்கள் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்து, கான்ஃபிகர் அழுத்தி ஸ்டீரியோ வையுங்கள். கேமிலும் ஸ்டீரியோ அல்லது ஹெட்போன்ஸ். கேமுக்குள்ளேயே 3டி ஒலி இருந்தால், ஹெட்போனில் அதே வேலையைச் செய்யும் விண்டோஸ் சோனிக் வசதியை அணைத்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் திசை குழம்பும்.

மெல்லிய சத்தங்களைத் தூக்க லவுட்னஸ் ஈக்வலைசேஷன் என்ற ஒலி அமைப்பு உதவும், இரவில் வசனம் கேட்க நல்லது. போட்டி கேம்களில் வேண்டாம். தூரத்துக் காலடியும் பக்கத்துக் காலடியும் ஒரே அளவில் கேட்டால் ஆள் எவ்வளவு தள்ளி நிற்கிறான் என்று கணிக்க முடியாது. பூஸ்டர் மென்பொருளில் 200% வைப்பதும் தீர்வல்ல. உச்சம் தட்டிய ஒலி கரகரக்கும், காதும் கெடும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபல் என்றால் வெறும் 4 மணி நேரம்.

சத்தமே வரவில்லையா? ஹெச்டிஎம்ஐ மானிட்டரை இணைத்ததும் ஒலி அதற்குத் தாவியிருக்கலாம். அவுட்புட்டை மாற்றிவிட்டு கேமை மூடித் திறங்கள். சில கேம்கள் துவங்கும்போது பிடித்த சாதனத்தைக் கடைசிவரை விடாது.

கடைசியாக ஒயர். 3.5 மிமீ ஜாக் சரியாக உள்ளே போகாமல் கிரவுண்ட் (இடது, வலது இரண்டுக்கும் பொதுவான ஒயர்) தொடர்பு விட்டுப்போனால் ஒரு விசித்திரம் நடக்கும்: இடது, வலது இரண்டிலும் பொதுவாக இருக்கும் ஒலி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும். இசை குகைக்குள் ஒலிப்பது போல வரும், குரல் காணாமல் போகும். மென்பொருளில் எதைத் திருகினாலும் இது சரியாகாது. ஜாக்கைப் பிடுங்கி, 'க்ளிக்' என்று உட்காரும்வரை அழுத்திச் செருகுங்கள். அப்படியும் குரல் வராவிட்டால் கேபினட்டின் முன்பக்கத் துளையை விட்டு, பின்னால் மதர்போர்டில் உள்ள பச்சைத் துளையில் செருகிப் பாருங்கள். அங்கே நன்றாகக் கேட்டால் முன்பக்கத் துளையோ அதற்கு உள்ளே போகும் ஒயரோ தளர்ந்திருக்கிறது.