தடுப்பூசி அட்டவணை மாறும்போது பெற்றோர் கவனிக்க வேண்டியவை

பரிந்துரை மாறியது என்ற செய்தி வந்தால், மாறியது எது என்று முதலில் பிரித்துப் பாருங்கள்: ஊசியா, போடும் வயதா, தவணைகளின் எண்ணிக்கையா, இடைவெளியா? "எல்லாக் குழந்தைகளுக்கும்" என்றிருந்தது "மருத்துவரிடம் பேசி முடிவெடுக்கலாம்" என்று மாறினால், அந்த ஊசிக்குத் தடை வந்துவிட்டதாகப் பொருள் இல்லை. பலர் தடுமாறுவது இங்கேதான்.

தவணை குறைந்தால் ஊசியில் கோளாறு என்று பயப்படவும் வேண்டாம். கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசியில் ஒரு தவணையே நல்ல பாதுகாப்பு தருவது தெரிந்ததால், 9 முதல் 20 வயதுப் பெண்களுக்கு ஒன்று அல்லது இரண்டு தவணை போதும் என்று 2022 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

அடுத்து, தடுப்பூசி அட்டையை எடுத்துச் சென்று, புதிய விதி உங்கள் குழந்தையின் வயதுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். தவணை தள்ளிப்போயிருந்தால் பெரும்பாலான ஊசிகளை முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் குறைந்தபட்ச இடைவெளிக்கு முன்பே போட்ட தவணை கணக்கில் வராமல் போகலாம். தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள, ஆனால் வீரியம் குறைத்த கிருமி கொண்ட ஊசிகளை ஒரே நாளில் போட வேண்டும். இல்லையெனில் 28 நாள் இடைவெளி விட வேண்டும். வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு மருந்துக்கு மட்டும் இந்த இடைவெளிக்காகக் காத்திருக்காதீர்கள், அதைத் தொடங்க வயது வரம்பு உண்டு.